பழைய ஆர்கேட் ஆட்டங்களை எமுலேட்டரில் ஓட்டினால் ஒலி கரகரக்கிறது, ஆட்டமும் திணறுகிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

ஒலி அமைப்புகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். கரகரப்பு காதில் விழுவதால் எல்லோரும் முதலில் ஸ்பீக்கரையும் டிரைவரையும் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு வேகத்தில்தான் இருக்கும். எமுலேட்டர் என்பது காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரத்தைப்போலக் கணினியை நடக்கவைக்கும் மென்பொருள். அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) உரிய ஒலித் துணுக்கை உண்டாக்கி பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போடுகிறது. ஒலி அட்டை அதை நிற்காமல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. ஃப்ரேம் தாமதமானால் பஃபர் காலியாகும், அந்த இடைவெளிதான் கரகரப்பாகக் கேட்கிறது. படத்தில் ஒரு ஃப்ரேம் தவறினால் கண் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது.

நீங்கள் மேம் (MAME) என்ற எமுலேட்டரைப் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்கிறேன். ஆட்டம் ஓடும்போது எஃப்11 விசையை அழுத்துங்கள். வேகம் விழுக்காட்டில் தெரியும். 100-இல் அசையாமல் நிற்கிறதா, 83, 91, 78 என்று துள்ளுகிறதா என்று பாருங்கள். பிறகு எஃப்10 அழுத்தினால் வேகக் கட்டுப்பாடு விலகும். அப்போது 400, 500 என்று ஏறினால் கணினியிடம் தெம்பு நிறைய மிச்சமிருக்கிறது. 105-ஐத் தாண்டத் தவித்தால் சண்டைக் காட்சியில் கட்டாயம் சறுக்கும்.

100-க்குக் கீழே என்றால் எந்த ஒலி அமைப்பும் உங்களைக் காப்பாற்றாது. மடிக்கணினியில் மின்சேமிப்பு முறையை விலக்குங்கள், பழைய திரைபோலக் காட்டும் ஷேடர்களை நிறுத்துங்கள். எமுலேஷன் வேலையில் பெரும்பகுதி ப்ராசஸரின் ஒரே கோரின் தலையில்தான் விழுகிறது, எனவே கோர்களின் எண்ணிக்கையை நம்பிப் பயனில்லை. தானியங்கி ஃப்ரேம் தவிர்ப்பு, படம் வரையும் வேலையை மட்டுமே குறைக்கும். சுமை ப்ராசஸர் எமுலேஷனில் இருந்தால் அதனால் பலன் இல்லை. 1997-இல் தொடங்கிய மேம், வேகத்தைவிடத் துல்லியத்தையே பெரிதாக மதிக்கிறது. பதிப்பு புதிதாக ஆக, பல ஆட்டங்களுக்குச் சுமையும் கூடியிருக்கிறது. பலவீனமான கருவியில் எஃப்.பி.நியோ என்ற வேறொரு எமுலேட்டரோ, மேமின் பழைய 0.78 பதிப்பை அடிப்படையாகக் கொண்ட 'மேம் 2003' எமுலேட்டரோ நன்றாக ஓடும். ஆனால் ரோம் (ROM) கோப்புகள், அதாவது ஆட்டத்தின் நிரல் அடங்கிய கோப்புகள், அந்தந்தப் பதிப்புக்குப் பொருந்தியவையாக இருக்க வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் வந்த முப்பரிமாண ஆட்டங்கள் சிறிய கருவியில் திணறினால் அவற்றை விட்டுவிடுவதே நல்லது.

வேகம் 100-இல் நின்றும் தொல்லை என்றால், திரையைப் பாருங்கள். ஆர்கேட் இயந்திரங்களின் சுற்றுப் பலகைகள் எல்லாம் 60 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) ஓடியவை அல்ல. மோர்ட்டல் காம்பேட் 54.7, ஆர்-டைப் ஏறக்குறைய 55, பாக்-மேன் 60.6. இப்போது 'சிங்க்ரெஃப்ரெஷ்' அமைப்பை இயக்கிவைத்திருந்தால் மேம் ஆட்டத்தின் சொந்த வேகத்தை விட்டுவிட்டுத் திரையின் வேகத்துக்கு ஆடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் மோர்ட்டல் காம்பேட் ஏறக்குறைய பத்து விழுக்காடு வேகமாக ஓடும். ஒலிப் பகுதியோ இன்னும் பழைய வேகத்தையே பிடித்துக்கொண்டு நிற்கப் பார்க்கும். இருவரும் ஒத்துப்போகாத இடத்தில்தான் ஒலி கெடுகிறது. அந்த அமைப்பை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியபின் பின்னணி நகரும்போது லேசான துள்ளல் தெரியும், ஏனென்றால் சில ஃப்ரேம்கள் இரண்டு முறை காட்டப்படுகின்றன. அது கோளாறு அல்ல. மாறும் புதுப்பிப்பு வேகம் கொண்ட திரை இருந்தால் மறைந்துவிடும். என்னைக் கேட்டால் துள்ளலைச் சகித்துக்கொண்டு சரியான வேகத்தில் ஆடுவதையே தேர்ந்தெடுப்பேன்.

இதற்குப் பிறகும் அவ்வப்போது சொடுக்குச் சத்தம் வந்தால்தான் ஆடியோ லேட்டன்சியை, அதாவது ஒலி பஃபரின் அளவை, உயர்த்த வேண்டும். நொடிக்கு 48,000 ஒலி மாதிரி என்ற கணக்கில், 512 மாதிரி கொண்ட பஃபர் 10.7 மில்லிவினாடிக்குத்தான் தாங்கும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமோ 16.7 மில்லிவினாடி. ஃப்ரேமைவிடச் சிறிய பஃபர் வைத்துக்கொண்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது. கரகரப்பு நிற்கும் வரை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள், அதற்குமேல் வேண்டாம். அளவுக்கு மீறி ஏற்றினால், குத்து விழுந்தபின் சத்தம் பிந்தி வரும். சத்தம் சுத்தமாக இருந்தும் பிந்துகிறது என்றால் ப்ளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பி ஹெட்போனில் கேட்டுப்பாருங்கள்.

சில ஓசைகள் மட்டும் வரவே இல்லை என்பது வேறு கதை. 1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற ஆட்டங்களின் ஓசைகள் அனலாக் சுற்றுகளிலிருந்து வந்தவை. பழைய மேம் பதிப்புகள் அவற்றுக்குப் பதிலாகப் பதிவுசெய்த ஒலிக் கோப்புகளை வாசிக்கும். அந்தக் கோப்புகள் சாம்பிள்ஸ் கோப்புறையில் இல்லையென்றால் ஆட்டம் ஓடும், சுடும் சத்தம் மட்டும் கேட்காது.