பூட்டிக் கிடக்கிற பழைய கட்டடம்: இந்த தடவை வந்த கேள்விகள்

வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே கதைதான். ஊருக்கு நடுவுல கடைத்தெரு, அதுல நூறு வருஷத்து கட்டடம், கீழ இருந்த கடை காலி பண்ணிட்டுப் போயாச்சு, மாடி அதுக்கும் முன்னாடியே காலி, இப்ப என்ன பண்றது. ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். கட்டி சுமாரா எத்தனை வருஷம் ஆச்சு, எத்தனை மாடி, சுவர் சுண்ணாம்புல கட்டினதா சிமெண்ட்ல கட்டினதா, இந்த மூணும் எழுதாம "பழைய பில்டிங் சார், நல்ல ஐடியா சொல்லுங்க"ன்னு வர்ற கடிதத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

மூணு மாடி, ரொம்ப வருஷமா காலி. முதல்ல முகப்புக்கு பெயிண்ட் அடிச்சு பளிச்சுன்னு ஆக்கினா வாடகைக்கு ஆள் வருவாங்கள்ல?

வருவாங்க, முதல் மழையில கிளம்பிடுவாங்க. தண்ணிதான் முதல் வேலை, இதை எத்தனை தடவை எழுதினாலும் பெயிண்ட்லயே வந்து நிக்கிறீங்க. கூரை, மழைத்தண்ணி போற வாய்க்கால், கீழ இறங்குற குழாய், அந்தக் குழாய் தண்ணிய எங்க கொண்டுபோய் விடுதுங்கிறது, இந்த வரிசையில பாருங்க. பாதி இடத்துல குழாய் சுவர் ஓரமா வந்து அஸ்திவாரத்து மேலயே கொட்டிட்டு நிக்கும், உள்ள ஓதம் ஏறுதுன்னு ஓனர் கெமிக்கல் தேடிட்டு இருப்பார். தண்ணிய நிறுத்தின பிறகும் சுவர் உடனே காயாது, தோராயமா மாசத்துக்கு ஒரு இஞ்ச்தான் கணக்கு, ஒன்றரை அடி சுவர்னா ரெண்டு பக்கமும் காஞ்சாகூட முக்கால் வருஷம் ஓடிடும். அதுக்குள்ள பெயிண்ட் அடிச்சா உரியத்தான் செய்யும்.

இப்ப கையில பணம் இல்ல, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுதான் வேலை. ஜன்னல் எல்லாத்துக்கும் பிளைவுட் அடிச்சு காத்துகூட போகாம சீல் பண்ணி வச்சிருக்கேன். பாதுகாப்பா இருக்கும்ல?

திருடன்கிட்ட இருந்து பாதுகாப்பு. மத்தபடி நீங்களே உக்காந்து பூஞ்சை வளர்க்கிறீங்க. மரத்துல ஈரம் 20 சதவீதம் தாண்டினா உளுத்துப்போக ஆரம்பிக்கும், காத்து இல்லாத இடத்துல அது சீக்கிரமே தாண்டிடும். பிளைவுட் இருக்கட்டும், ஆனா ஒவ்வொரு மாடியிலயும் எதிர் எதிர் பக்கமா ரெண்டு ஜன்னல்ல சட்டம் வச்ச காத்து வழி விடுங்க, பறவை நுழையாம வலை அடிங்க. உள் கதவுகளை திறந்தே வைங்க. தண்ணி குழாயை மெயின்லயே மூடி காலி பண்ணிடுங்க. மாசம் ஒரு தடவை, பெரிய மழை பெஞ்சா மறுநாள், யாராவது டார்ச்சோட மேல வரைக்கும் ஏறி பாக்கணும், கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டு வர்றது பாத்ததுல சேராது.

சுவர்ல ஓதம் ஏறி உப்பு பூக்குது. கொத்தனார் பழைய காரையை எல்லாம் கொத்தி எடுத்துட்டு நல்ல ஸ்ட்ராங்கா சிமெண்ட் பூசிடலாம், மேல வாட்டர்ப்ரூஃப் அடிச்சா பிரச்சனையே இருக்காதுங்கிறார். செய்யலாமா?

செய்யாதீங்க. செய்யவே செய்யாதீங்க. நான் பாத்த வரைக்கும் இந்த மாதிரி கட்டடங்களை தீயும் இடியும் கெடுத்ததை விட "நல்ல ஸ்ட்ராங்கா" கெடுத்தது ஜாஸ்தி.

விஷயம் இதுதான். போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு காப்புரிமை வாங்கினதே 1824ல, சாதாரண கட்டட வேலைக்கு அது பரவலா வந்தது அதுக்கும் ரொம்ப காலம் கழிச்சு. உங்க கட்டடம் அது பரவுறதுக்கு முந்தின ஆளுங்க கையில சுண்ணாம்புல நின்னது. சுண்ணாம்பு சுவர் ஈரத்தை உள்ள வாங்கும், வெயில்ல காத்துல வெளிய விடும், வருஷா வருஷம் வாங்கும் விடும், அப்படியே நூறு இருநூறு வருஷம் ஓடிடும். அது மேல சிமெண்ட் பூசினா மழைக்கோட்டு போட்டுட்டு ஓடுறவன் மாதிரி, வெளித் தண்ணி உள்ள வராது, உள்ள இருக்கிற வேர்வை எங்க போகும்? சுவருக்குள்ளயே நிக்கும், மேல ஏறும், முன்னாடி மூணு அடி வரைக்கும் இருந்த ஓதம் இப்ப ஆறு அடிக்கு வந்து நிக்கும், அப்பவும் கொத்தனார் இன்னும் மேல வரைக்கும் பூசலாம்னுதான் சொல்வார்.

செங்கல் இணைப்புல சிமெண்ட் வச்சு பாயிண்டிங் பண்றது இதை விட மோசம். இணைப்பு எப்பவும் செங்கலை விட மெத்துன்னு இருக்கணும், அதுதான் முதல்ல தேயணும், தேஞ்சா மறுபடி வச்சுக்கலாம். நீங்க இணைப்பை கல்லு மாதிரி ஆக்கினா ஈரமும் உப்பும் செங்கல் வழியா வெளிய வரும், உப்பு உள்ள படிகமாகி செங்கல் முகத்தை பிச்சு எறியும், கொஞ்ச வருஷத்துல சிமெண்ட் கோடு மட்டும் சல்லடை கணக்கா வெளிய நீட்டிட்டு நிக்கும், நடுவுல செங்கல் குழி. அந்த செங்கலை எங்க போய் வாங்குவீங்க?

சரி என்ன பண்ணணும்? முதல்ல (மறுபடியும்) தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாருங்க. பல இடத்துல ரோடு மேல மேல போட்டு தெரு மட்டம் உள்தரையை விட உசந்திருக்கும், அதுவே காரணமா இருக்கும். அப்புறம் பழைய சிமெண்ட் பூச்சு இருந்தா சுவர் உடையாம எடுத்துட்டு, காய விட்டு, சுண்ணாம்பு காரை, சுமாரா ஒண்ணுக்கு மூணு மணல், மெல்லிசா ரெண்டு மூணு தடவையா பூசணும். நேர் வெயில் படாம சாக்கு தொங்கவிட்டு நாள் கணக்கா ஈரமா வைக்கணும், அது காத்துல இருக்கிற கார்பன்டை ஆக்சைடை இழுத்துதான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. பாயிண்டிங்னா பழைய காரையை இணைப்போட அகலத்தை போல ரெண்டு ரெண்டரை மடங்கு ஆழத்துக்கு உளியால எடுங்க, கிரைண்டர் போட்டா செங்கல் ஓரம் போயிடும். "சுண்ணாம்புல கொஞ்சமா சிமெண்ட் சேத்தா சீக்கிரம் இறுகும்"னு ஒருத்தர் வருவார் பாருங்க, அவருக்கு டீ குடுத்து அனுப்பிடுங்க.

இன்னொண்ணு. ஈரம் காட்டுற மீட்டரை சுவர்ல குத்தி சத்தம் வருது பாருங்கன்னு பயமுறுத்தி, சுவர்ல ஓட்டை போட்டு ஊசி மாதிரி ஏத்துற ஓதத் தடுப்பு மருந்து விக்கிறவங்க இருக்காங்க. அந்த மீட்டர் பொதுவா மரத்துக்குன்னு கணக்கு வச்சது, சுவர்ல உப்பு இருந்தாலே கத்தும்.

செங்கல் முகப்பு கருத்துப் போச்சு, மணல் பீய்ச்சி சுத்தம் பண்ணலாமா?

கூடாது. சுட்ட தோல் போயிடும், அப்புறம் செங்கல் தண்ணி குடிக்கும். லேசான தண்ணி, மெதுவான பிரஷ், பொறுமை. கொஞ்சம் கருப்பு மிச்சம் இருந்தா இருக்கட்டும்.

பழைய மர ஜன்னல் எல்லாம் இறுகிப் போச்சு, பிளாஸ்டிக் ஜன்னலா மாத்திடலாம்னு பாக்குறேன்.

மாத்தி கொஞ்ச வருஷம் கழிச்சு மறுபடி மாத்துவீங்க. பழைய மரம் நெருக்கமான வரி உள்ள முத்தின மரம், இப்ப கிடைக்காது. கெட்டது பெரும்பாலும் கீழ்ச்சட்டம் மட்டும்தான், அதை மட்டும் வெட்டி ஒட்டு போட நல்ல ஆசாரி போதும். சத்தம், சூடு பிரச்சனைன்னா உள்பக்கம் இன்னொரு கண்ணாடி சட்டம் வைங்க. பழைய பெயிண்டை நெருப்பு காட்டியோ காய்ஞ்ச உப்புத்தாள் போட்டோ எடுக்காதீங்க, ஈயம் இருக்கலாம்.

எல்லாரும் கஃபே வைக்க சொல்றாங்க. உங்க அபிப்பிராயம்?

எல்லாரும் சொல்றதாலயே யோசிங்க. கட்டடத்தை சுத்தி ஒரு தடவை நடந்துட்டு அது என்ன மாதிரி இடம்னு பாத்துட்டு உபயோகத்தை முடிவு பண்ணுங்க, உபயோகத்தை முடிவு பண்ணிட்டு சுவரை இடிக்காதீங்க. பாரிஸ்ல ஓர்சே ஸ்டேஷன் 1900ல திறந்தது, ரயில் நீளமாகிப் போச்சு, பிளாட்ஃபார்ம் பத்தல, 1939 வாக்குல தூர ரயில் நின்னு போச்சு, அப்புறம் இடிக்கிற பேச்சு வரைக்கும் போய், 1986ல மியூசியம் ஆச்சு. அந்த பெரிய கூரைக்கு கீழ சின்ன சின்ன ஆபீஸ் போட்டிருந்தா நாசம், சிலையும் ஓவியமும் பொருந்திச்சு. லண்டன்ல 1981ல மூடின பேங்க்சைடு மின் நிலையம் 2000ல டேட் மாடர்ன்ங்கிற கலை மியூசியமா திறந்தப்பவும் டர்பைன் ஹாலை, அதாவது பழைய பெரிய இயந்திரக் கூடத்தை, தடுக்காம முழுசா விட்டாங்க. நேர்மாறா உங்களுது சின்ன சின்ன ரூமா இருந்தா ஆபீஸ், கிளினிக், டியூஷன், வீடுன்னு யோசிங்க. கஃபேக்கு புகைக்குழாய், கிரீஸ், தண்ணி, ராத்திரி சத்தம், அத்தனையும் அந்த பழைய சுவர்தான் தாங்கணும்.

மாடியில லைப்ரரி வைக்கலாமா? மர உத்தரம்தான், "நல்லா கெட்டியா இருக்கு".

குதிச்சுப் பாத்தீங்களா என்ன? வீட்டு தரைக்கு கணக்கு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ, ஆபீஸ்னா 250 - 300, புத்தக அலமாரி நெருக்கமா நின்னா 500 தாண்டிடும். இன்ஜினியர் வந்து உத்தரம் சுவருக்குள்ள போற முனையை திறந்து பாக்கணும், உளுக்கிறது அங்கதான், நடுவுல தட்டிப் பாத்தா கெட்டியாத்தான் இருக்கும். அலமாரியை கீழ் தளத்துல வச்சுட்டு படிக்கிற இடத்தை மேல வச்சா பாதி பிரச்சனை தீந்துது.

கீழ கடைக்கு இடம் பத்தலன்னு மாடிப்படியை எடுத்துட்டோம். இப்ப மாடியை வாடகைக்கு விடணும்.

பறந்து போவாங்களா? கடைத்தெரு மாடிகள் காலியா கிடக்கிறதுக்கு பெரிய காரணமே இதுதான், நாலடி ஷோகேஸுக்காக ரெண்டு மாடியை கொன்னுடறது. தெருவுல இருந்து தனி வழியோட படியை திரும்ப கட்டுங்க. பக்கத்து கட்டடமும் உங்க மாதிரியே இருந்தா ரெண்டு பேரும் பேசி பின்பக்கம் ஒரே படி, ஒரே லிஃப்ட் வச்சுக்கலாம், தீ நேரத்துக்கு ரெண்டாவது வழியும் கிடைச்சிடும். தீயணைப்பு அதிகாரியை பிளான் போடறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க, முடிச்ச பிறகு கூப்பிட்டா மறுபடி இடிக்க சொல்வார். மர உத்தரம்னு பயப்படாதீங்க, கனமான மரம் எரியும்போது மணிக்கு சுமார் 40 மில்லிமீட்டர்தான் கரியாகும், உள்ள மிச்சம் நிக்கும். புகைதான் ஆளைக் கொல்லும், அதனால கதவும் படிக்கூண்டும் முக்கியம்.

இடிச்சுட்டு புதுசா கிரீன் பில்டிங் கட்டினா சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு பில்டர் சொல்றார்.

அவர் சொல்லாம யார் சொல்வா. 2011ல அமெரிக்காவுல செஞ்ச ஒரு ஆய்வுப்படி, கரண்ட் மிச்சம் பண்ற புது கட்டடம் தன்னை கட்டினப்ப உண்டான பாதிப்பை ஈடுகட்டவே 10ல இருந்து 80 வருஷம் வரைக்கும் ஆகும். இடிச்ச குப்பை தனி.

முகப்பை மட்டும் வச்சுட்டு பின்னாடி எல்லாம் புதுசா கட்டினா?

முகமூடி ஆகும், கட்டடம் ஆகாது. வேற வழியே இல்லாம தீப்பிடிச்சு உள்ள எல்லாம் போயிருந்தா சரி. வேற சாக்கு எதுக்கும் என் ஓட்டு கிடையாது.

மேல இருந்த பூவேலை அலங்காரம் பாதி உதிர்ந்து போச்சு, பழைய போட்டோவும் இல்ல. டிசைனர் அழகா ஒண்ணு வரைஞ்சு குடுத்திருக்கார்.

மிச்சம் பாதி இருக்குன்னா அதையே அச்செடுத்து தொடருங்க. ஒண்ணுமே தெரியாத இடத்துல கற்பனை வேணாம், யூகம் ஆரம்பிக்கிற இடத்துல புனரமைப்பு நிக்கணும்னு பழைய கட்டடங்களை பாதுகாக்கிறதுக்கான சர்வதேச வழிகாட்டியான 1964 வெனிஸ் சாசனத்துலயே இருக்கு. வெறுமையா விடுங்க, அசிங்கம் இல்ல.

சுவர்ல விரிசல் இருக்கு. ஆபத்தா?

போட்டோ இருட்டு, பக்கத்துல ஸ்கேல் இல்ல, எந்த மாடின்னு எழுதல. எனக்கு ஜோசியம் தெரியாது. விரிசல் ரெண்டு பக்கமும் பென்சில் குறி போட்டு தேதி எழுதி மாசா மாசம் அளங்க, ஒரு வருஷம் எல்லா பருவமும் போகட்டும், அகலம் கூடிக்கிட்டே போனா இன்ஜினியர். கதவு திடீர்னு மாட்டிக்குது, சுவர் பிதுங்குதுன்னா ஒரு வருஷம் எல்லாம் வேணாம், இன்னைக்கே.

சுவர்ல முளைச்ச மரத்தை ஆள் விட்டு இழுத்துடலாமா?

இழுத்தா சுவரும் கூடவே வரும். வெட்டி, வேர்ல மருந்து வச்சு, செத்த பிறகு எடுங்க, ஓட்டையை சுண்ணாம்புல அடைங்க. சிமெண்ட்ல இல்ல.

எங்க தெருவுல பன்னெண்டு கட்டடம் காலி. எல்லா ஓனரும் சேந்து ஒரே நேரத்துல ஆரம்பிக்கலாம்னு மீட்டிங் போட்டிருக்கோம், எஸ்டிமேட் எப்படி போடறது?

பன்னெண்டு ஓனர் ஒத்துக்கிற வரைக்கும் கூரை நிக்காது. எல்லா கூரைக்கும் தற்காலிகமா தார்ப்பாய், ஓட்டை அடைப்பு, குழாய் சுத்தம், இதை மட்டும் சேந்து பண்ணுங்க, பெரிய செலவு இல்ல. அப்புறம் மூலையில இருக்கிற, நாலு பேர் கண்ணுல படற ஒரே ஒரு கட்டடத்தை முழுசா முடிச்சு ஆள் குடி வைங்க. எஸ்டிமேட்ல எதிர்பாராத செலவுக்கு 20 சதவீதம் தனியா போடுங்க, 5 போட்டு அனுப்பியிருக்கிற உங்க கான்ட்ராக்டர் இன்னும் அந்த சுவரை திறந்து பாக்கலன்னு அர்த்தம். அப்புறம் அந்த எஸ்டிமேட்டோட மூணாவது பக்கத்துல "வெளிச்சுவர் சிமெண்ட் பூச்சு"ன்னு ஒரு வரி இருக்கு, அதை அடிச்சுட்டு மீட்டிங்குக்கு கொண்டு போங்க.