வாசகர் கேள்வி: இருட்டும் மூட்டமும்

கேள்வி: பொழுது சாய்ந்து, மூட்டமும் சேர்ந்துகொண்டால், தனியார் சிறுவிமானி தரையிறங்குவதை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

பதில்: கீழே ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும்போதே. 1999 ஜூலை 16 அன்று, சூரியன் மறைந்தபின் நியூஜெர்சியிலிருந்து சிறுவிமானத்தைத் தானே ஓட்டிக் கிளம்பிய, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியருக்குக் கனெக்டிகட் கரையோர விளக்குகள் துணையிருந்தன. மார்த்தாஸ் வினியார்டு தீவை நோக்கிக் கடல்மேல் திரும்பியதும் அந்தத் துணை போயிற்று. அன்றிரவு அப்பக்கம் பறந்த வேறு விமானிகள் சிலரும் தொடுவானம் தெரியவில்லை என்றே கூறினார்கள். அத்தகைய வேளையில் நம் உட்காது, சாய்ந்து திரும்பும் விமானத்தை நேராகப் பறப்பதாகவே உணர்த்தும். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கான தகுதிச் சான்று அவரிடம் இல்லை. விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார்; திசைமயக்கத்தால் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை. கரையோரத்தில் இறங்குவதற்கு விமானத்தளங்கள் இருந்தன. கடலுக்குத் திரும்பும் முன்பே அவற்றில் ஒன்றில் இறங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.