முடக்குவாதத்தில் இடுப்பு மூட்டு சில மாதங்களில் சிதையுமா?

சிதையக்கூடும். ஆறு மாதங்களுக்கு முன் எக்ஸ்ரேயில் நன்றாக இருந்த உங்கள் அம்மாவின் இடுப்பு மூட்டு இப்போது தேய்ந்திருப்பதால், பழைய படம் தவறானது என்று முடிவுகட்ட வேண்டாம். முடக்குவாதத்தில், அரிதாகவே என்றாலும், ஓராண்டுக்குள் மூட்டு இடைவெளி மறைந்து, தொடை எலும்பின் பந்துமுனையே தட்டையாகிக் கரைவதுண்டு.

மண்டபம் கடற்கரையில் பாசி எடுத்துவந்த அவர் பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வதாக எழுதியுள்ளீர்கள். அதனால் எலும்பு வலுவிழந்து, பந்துமுனையின் குருத்தெலும்புக்கு அடியில் நுண்முறிவு ஏற்பட்டிருக்கலாம் என்பதே என் முதல் ஐயம். ரத்த ஓட்டம் குன்றி எலும்பு மடிவதும் இதைப் போலவே தோன்றும் என்பதால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இரண்டு எக்ஸ்ரேக்களையும் மதுரைக்கோ ராமநாதபுரத்துக்கோ கையோடு கொண்டுசென்று, எலும்பு மருத்துவர், வாதநோய் மருத்துவர் இருவரிடமும் ஒருசேர வைத்துக் காட்டுங்கள். புதிய படத்தை மட்டும் பார்ப்பவருக்குச் சிதைவின் வேகம் தெரியாது. அதுவரை வலியில்லாத பக்கத்துக் கையில் ஊன்றுகோல் பிடித்து நடக்கட்டும். மணலில் நடப்பதும் பாசி மூட்டை சுமப்பதும் கூடவே கூடாது.

காய்ச்சல் வந்தாலோ, திடீரெனக் கால் ஊன்ற முடியாமல் போனாலோ, மூட்டில் சீழ்த்தொற்றோ முறிவோ இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டுதான் காரணம் என்று நினைத்து அதை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.