800 மீட்டரும் 1500 மீட்டரும் ஒரே போட்டியில் ஓடலாமா?

800 மீட்டர் ஓடிய மறுநாள் 1500 மீட்டர் ஓடும் உங்கள் தம்பி, 1500-இல் கடைசிச் சுற்றில் தளர்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குக் காரணம், பெரும்பாலும் முந்தைய நாள் ஓடிய 800 தான். சோம்பல் என்று திட்டாதீர்கள். அடுத்த மாவட்டப் போட்டியில் ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுங்கள்.

800-இல் முதல் சுற்றே முழு வேகத்துக்குப் பக்கத்தில் போகும். மூச்சு சீக்கிரம் சமநிலைக்கு வந்துவிடும்; தொடைத் தசையின் களைப்பு ஒரு ராத்திரியில் போகாது. ஒலிம்பிக்கில் இரண்டிலும் இறுதி வரை போனால் குறைந்தது ஆறு ஓட்டம், அதுவும் சில நாட்களுக்குள். பயிற்சியும் வேறு வேறு: 800-க்கு 400 மீட்டர் வேகம் வேண்டும், 1500-க்கு நீண்ட ஓட்டத்தின் தாங்குதிறன் வேண்டும். அதனால்தான் பெரிய வீரர்கள் பலர் ஒன்றோடு நிற்கிறார்கள். முடியாதது என்றில்லை. பீட்டர் ஸ்நெல் 1964-இல், கெல்லி ஹோம்ஸ் 2004-இல் ஒலிம்பிக்கில் இரண்டிலும் தங்கம் வாங்கினார்கள். நம் ஜின்சன் ஜான்சன் 2018 ஆசிய விளையாட்டில் 1500-இல் தங்கம், 800-இல் வெள்ளி. ஆனால் அவர்கள் பல வருடம் ஓடி உரமேறிய உடம்புக்காரர்கள்.

ஒரு சோதனை செய்து பாருங்கள்:

1. இரண்டு நாள் லேசான ஓட்டம் மட்டும்.
2. மூன்றாம் நாள் காலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் 1500 மட்டும் ஓடட்டும். வெயில் ஏறிவிட்டால் நம் ஊர்ப் புழுக்கமே கணக்கைக் கெடுத்துவிடும்.
3. ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் குறியுங்கள்.

கடைசிச் சுற்று தொய்யாவிட்டால் காரணம் 800 தான். அப்போதும் தொய்ந்தால், 800 பழக்கத்தில் முதல் சுற்றை வேகமாக எடுக்கிறாரா என்று பாருங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் சாதாரண ஓட்டத்திலேயே மூச்சு வாங்கினால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். முதலில் டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள்.