ஒரு நாய்க்கு 1,500 ரூபாய்: கொடுக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 48 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. தெருவில் ஒன்பது நாய்கள். நாலு நாளைக்கு முன்னால் விடியற்காலையில் பேப்பர் போட வந்த பையனைக் கெண்டைக்காலில் ஒரு நாய் கடித்து ரத்தம் வந்துவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் டிடி ஊசி போட்டாயிற்று. இப்போது ஒருவர் வந்து, நாய்க்கு 1,500 ரூபாய் கொடுத்தால் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பிடித்துச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காப்பகத்தில் விட்டுவிடுகிறேன் என்கிறார். சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டுவிட்டதாம். கமிட்டியில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். கொடுக்கலாமா? – குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: கொடுக்காதீர்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பையனை இன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

டிடி ஊசி ரணஜன்னிக்குப் போடுவது. ரேபிஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடிபட்டவர் ஏதோ ஒரு ஊசி போட்டுக்கொண்டார் என்றதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த ஊரில் நான் அதிகம் பயப்படுவது இந்த நிம்மதியைப் பார்த்துத்தான். ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு மருந்து கிடையாது. அதற்கு முன்னால் போட்டுக்கொண்டால் உயிர் தப்பிவிடலாம். நாலு நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். இப்போதும் போடலாம், போட்டே ஆக வேண்டும்.

அரசு மருத்துவமனையில் இது இலவசம். தோலுக்குள் போடும் முறை என்றால், முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து 0, 3, 7, 28 என்று நாலு நாட்கள். தனியாரிடம் தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. ரத்தம் வந்த கடி என்பதால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைப் பையனின் எடைக்கு ஏற்ற அளவில் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வைரஸைக் காயத்திலேயே மடக்கி வைப்பது இந்த மருந்துதான். முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளுக்குள் இதைப் போட்டுவிட வேண்டும். சிறிய மருத்துவமனைகளில் பல சமயம் இருப்பு இருக்காது. ‘தடுப்பூசி போட்டாயிற்று, போய் வா’ என்று அனுப்பிவிடுவார்கள். ‘இம்யூனோகுளோபுலின் போட்டீர்களா?’ என்று பெயர் சொல்லிக் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் பெரிய அரசு மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். இனி யாரையாவது நாய் கடித்தால் முதல் வேலை சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுவது. இந்த வைரஸின் மேலுறையில் கொழுப்பு உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். மஞ்சள், காப்பித்தூள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கக் கூடாது.

இப்போது உங்கள் 1,500 ரூபாய்க்காரருக்கு வருகிறேன்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். ரேபிஸ் வந்த நாயின் எச்சிலில் வைரஸ் வர ஆரம்பித்தபிறகு அது பத்து நாளைத் தாண்டி உயிரோடு இருக்காது. கடித்த நாளிலிருந்து பத்தாம் நாளும் அந்த நாய் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வாலாட்டிக்கொண்டு திரிந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஊசியும் நடக்கட்டும், கவனிப்பும் நடக்கட்டும். ஒன்பது நாயையும் இரவோடு இரவாக வண்டியேற்றிவிட்டால், இருக்கிற ஒரே சாட்சியைக் காசு கொடுத்து ஊரைவிட்டு அனுப்பியதாக ஆகும்.

தண்ணீர் வைத்துப் பார்த்தோம், குடிக்கிறது, ஆகவே வெறி இல்லை என்று சொல்பவர்களையும் நம்பாதீர்கள். தண்ணீரைக் கண்டு மிரள்வது ரேபிஸ் வந்த மனிதர்தான். நாயிடம் பார்க்க வேண்டியவை வேறு: தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, குரைப்பு கரகரத்து மாறுவது, பின்கால் தள்ளாடுவது, கல்லையும் கட்டையையும் காரணமில்லாமல் கடிப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் யாரும் கிட்டப் போகாமல் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குச் சொல்லுங்கள்.

‘காப்பகம்’ என்று அவர் சொல்வதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள். முகவரி கேளுங்கள், பகலில் நாங்களும் வருகிறோம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும். கம்பிச் சுருக்கில் கழுத்தை மாட்டி, வாயைக் கட்டி, கோணியில் போட்டு, ஏதாவது ஏரிக்கரையிலோ கல்குவாரிப் பக்கமோ கொட்டிவிட்டுப் போவதுதான் இந்தத் தொழில். அதில் பாதி அங்கேயே செத்துப்போகும். பிழைத்தவை அந்த ஊர்க்காரர்களைக் கடிக்கும். சிலர் அந்தத் தொந்தரவு கூட வேண்டாம் என்று பிஸ்கட்டில் விஷம் வைத்துவிடுவார்கள். விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வழக்கு என்று வந்தால் ஜிபேயில் பணம் அனுப்பிய சங்கத்தின் பெயர்தான் முதலில் நிற்கும். பிடித்தவர் போன் எடுக்க மாட்டார்.

இன்னொரு வகையும் உண்டு. லெட்டர்பேடு, ரசீதுப் புத்தகம் எல்லாம் வைத்துக்கொண்டு ‘தொண்டு நிறுவனம்’ என்று வருவார்கள். 2023-ஆம் ஆண்டு விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடைத் திட்டம் நடத்துகிற அமைப்பு எதுவானாலும் இந்திய விலங்கு நல வாரியத்தின் திட்ட அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். ‘டிரஸ்ட் பதிவுச் சான்று இருக்கிறது’ என்பார்கள். அது வேறு, இது வேறு. (திருவான்மியூரில் இருந்த அந்த வாரியத்தின் தலைமையகத்தை ஹரியாணாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நேரில் போய்க் கேட்டுக்கொண்டிருந்த காலமும் போயிற்று.)

அப்படியே எல்லா நாயும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் எச்சில் இலையும் கோழிக்கடைக் கழிவும் அப்படியே இருக்கும். பக்கத்துத் தெரு நாய்கள் கொஞ்ச நாளில் அந்த இடத்துக்கு வந்துவிடும். அவற்றுக்கு உங்கள் வாட்ச்மேனையும் தெரியாது, குழந்தைகளையும் தெரியாது, ஊசியும் போட்டிருக்காது. சென்னையில் மாநகராட்சியே தலைமுறை தலைமுறையாக நாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது, எண்ணிக்கை குறையவில்லை. அதனால்தான் 1996-இல் கருத்தடைக்கு மாறினார்கள்.

சுப்ரீம் கோர்ட் உத்தரவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது 2025 ஆகஸ்ட் 11 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி டெல்லிக்கும் சுற்றுப்புறத்துக்கும் போட்டது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது: கருத்தடையும் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், ரேபிஸ் உள்ளது, அந்தச் சந்தேகம் உள்ளது, மூர்க்கமாக நடப்பது ஆகியவற்றை விடக் கூடாது. பிடித்த இடத்தில் திரும்ப விடக் கூடாது என்ற நவம்பர் 7 உத்தரவு பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்கானது. உங்கள் குடியிருப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அந்த இடங்களிலும் பிடிக்க வேண்டியது உள்ளாட்சி அமைப்பு. ராத்திரியில் வருகிற ஆசாமி இல்லை.

சரி, செய்ய வேண்டியது என்ன?

முதலில் ஒரு தாளில் ஒன்பது நாயையும் எழுதுங்கள். நிறம், ஆணா பெட்டையா, காதில் வெட்டு உண்டா, குட்டி இருக்கிறதா, எந்த வாசலில் படுக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போட்டோ. காது வெட்டைப் பார்க்கும்போது கவனம். கருத்தடையின்போது மயக்கத்தில் வெட்டியது ஒழுங்கான ஓரத்தோடு ஆறியிருக்கும். சண்டையில் கிழிந்த காது தாறுமாறாக இருக்கும். முதுகில் பெயின்ட் அடித்திருந்தால் அது தடுப்பூசி முகாமில் வைத்த அடையாளம். கருத்தடை ஆனதாக அர்த்தமில்லை. காது வெட்டிய நாய்க்கு இந்த வருஷத் தடுப்பூசி போட்டிருக்கும் என்றும் அர்த்தமில்லை. அதை ஆண்டுதோறும் போட வேண்டும்.

பிறகு 1913-இல் புகார் கொடுத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நாய்த் தொல்லை’ என்று ஒற்றை வரியில் சொன்னால் போதாது. ‘கருத்தடை ஆகாத நாய்கள் இத்தனை, பெட்டை இத்தனை, கடித்த நாய் ஒன்று, கடித்த தேதி இது’ என்று சொல்லுங்கள். அதே விவரத்தை எழுதிப் பெருங்குடி மண்டல அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கடித்த நாயின் பத்து நாள் கணக்கு முடியவில்லை என்றால், கருத்தடைக்கு நாய் பிடிக்க வரும் மாநகராட்சி வண்டிக்காரர்களிடம் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

வண்டி வருவதற்கு முந்தின ராத்திரி சாப்பாடு வைக்காதீர்கள். மயக்க மருந்துக்கு வெறும் வயிறு வேண்டும், பசித்த நாய் கூப்பிட்டால் வரும். உங்கள் தெருவில் நாய்க்குச் சோறு போடுகிற அம்மா யாரோ இருப்பார். அவருடன் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அதை இன்றோடு விடுங்கள். அவர் கூப்பிட்டால் ஒன்பதும் வந்து நிற்கும். வலை வீசித் துரத்தினால் ரெண்டு மாட்டும், மிச்சம் அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டாலே அடுத்த முறையும் ஓடிவிடும்.

இங்கேதான் வழக்கமான கோளாறு. வண்டி வரும், கைக்குக் கிடைத்த மூன்று ஆண் நாய்களை ஏற்றும், மறுநாள் உங்கள் போனுக்கு ‘புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்எம்எஸ் வரும். நாயைப் பிடிப்பது ஒருவர், அறுவை செய்வது இன்னொருவர், புகாரை முடிப்பது எங்கோ உட்கார்ந்திருக்கும் மூன்றாமவர். எத்தனை நாய்க்குப் புகார், எத்தனை பிடித்தார்கள் என்று யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. 2024 கணக்கெடுப்பில் சென்னையில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்; கருத்தடை ஆனது நாலில் ஒன்றுக்குச் சற்று மேல். பத்துக்கு ஏழாவது ஆனால்தான் எண்ணிக்கை இறங்கும். நகரம் முழுக்க அங்கொன்று இங்கொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் எத்தனை கோடி செலவழித்தாலும் அதே இடத்தில்தான் நிற்போம். ஆகவே உங்கள் தாளில் உள்ள பெயரெல்லாம் அடிக்கிற வரைக்கும் புகாரை மறுபடி மறுபடி திறக்கச் சொல்லுங்கள். வண்டியில் இடமில்லை என்றால் பெட்டைகளை முதலில் கொடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். குட்டி போட்டிருக்கிற பெட்டையைப் பிடிக்க விடாதீர்கள். உங்கள் பையனைக் கடித்தது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். ஆளில்லாத விடியற்காலை, வேகமாக வருகிற சைக்கிள், கெண்டைக்கால்: குட்டியை ஒட்டிப் போகிறவர்களைத் தாய் இப்படித்தான் கடிக்கும். அதன் வயிற்றைப் பாருங்கள். காம்புகள் நீண்டு தொங்கினால், மடி கனத்திருந்தால், சோறு தின்றதும் நிற்காமல் ஒரே திசையில் ஓடினால், பின்னாலேயே போங்கள்; படிக்கட்டுக்கு அடியிலோ பாதிக் கட்டிய வீட்டிலோ குட்டிகள் இருக்கும். தாயைக் கொண்டுபோனால் அறுவைக்குப் பிறகும் குறைந்தது நாலைந்து நாள் மையத்தில் வைத்திருப்பார்கள். கண் திறக்காத குட்டி அதற்குள் செத்துவிடும். பால் கட்டிய மடியில் ரத்த ஓட்டம் அதிகம், அறுவையில் ரத்தப்போக்கும் அதிகமாகும். விதியும் குட்டிக்குப் பால் மறக்கும் வரை பொறுக்கச் சொல்கிறது. சுமார் இரண்டு மாதம். குட்டிகளை மட்டும் எடுத்து எங்கோ விட்டுவிடலாம் என்று ஒருவர் யோசனை சொல்வார். செய்தால் பால் கட்டி மடி வீங்கிய தாய் தெருவெல்லாம் தேடி அலையும், முன்பு ஒருவரைக் கடித்தது நாலு பேரைக் கடிக்கும். இந்த இரண்டு மாதமும் அந்த மூலைக்குக் குறுக்கே ஒரு தடுப்பு, ஒரு விளக்கு, பேப்பர் பையனும் பால்காரரும் அந்தப் பக்கம் சைக்கிளை விட்டு இறங்கி நடப்பது, அவ்வளவு போதும். பால் வற்றியதும் தாமதிக்காமல் முதல் ஆளாக அதைக் கொடுங்கள். குட்டிகளை ஆறு மாதம் ஆகும்வரை எடுக்க மாட்டார்கள்; அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். பெட்டைக் குட்டி அந்த வயதுக்கே பருவத்துக்கு வந்துவிடலாம். நீங்கள் மறந்தால் அறுபத்து மூன்று நாளில் அடுத்த ஈற்று.

சோறு போடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். வாசல், மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் மூன்றிலும் கூடாது. இதற்கு இடம் ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு 2023 விதிகளின்படி உங்கள் சங்கத்துக்கும் உண்டு. வார்டில் மாநகராட்சி ஒதுக்கிய இடம் எது என்று எழுதிக் கேளுங்கள். நேரம் ஒன்றாக இருக்கட்டும், அரை மணியில் தட்டை எடுத்துவிட வேண்டும்.

நாய்களைத் திரும்ப விடும் நாளில் யாராவது கூட இருங்கள். அவசரத்தில் பக்கத்துத் தெருவில் இறக்கிவிட்டுப் போவது சர்வசாதாரணம். தாளையும் போட்டோவையும் வைத்துச் சரிபாருங்கள்: போனது அதே நாயா, காதில் வெட்டு இருக்கிறதா, தையல் பிரிந்திருக்கிறதா. தையல் போட்ட இடம் வீங்கியிருந்தாலோ சீழ் வந்தாலோ வண்டியை அனுப்பாமல் அப்போதே திருப்பி ஏற்றச் சொல்லுங்கள். மறுநாள் போன் செய்தால் புதிய புகார் எண் கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.