கூட்டம் வேறென்றால் ரத்தமும் வேறா?
மரபணு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளை எங்க அக்கா மகனுக்கே கொடுக்கலாம்னு இருக்கோங்க. நாங்க காடை கூட்டம், மச்சான் அந்துவன் கூட்டம். கூட்டம் வேறங்கறதால ரத்தமும் வேறதான்னு பெரியவங்க சொல்றாங்க. ஆனா எங்கம்மாவோட தங்கச்சி பேரனுக்கு தலசீமியா, மாசாமாசம் ரத்தம் ஏத்தறாங்க. அதான் பயமா இருக்குதுங்க. (வாசகர், தாராபுரம்)

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, பெரியவர்கள் சொல்வதில்தான் பிழை. கூட்டம் என்பது அப்பன் வழியில் மட்டும் வருகிற குலப் பெயர். மரபணு அப்படி வருவதில்லை. நம் செல்லில் உள்ள 46 குரோமோசோம்களில் 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வந்தவை. ஏறக்குறைய எல்லா மரபணுவுமே நமக்கு இரண்டு பிரதியாக இருக்கிறது; ஆளுக்கு ஒன்று கொடுத்தது.

உங்கள் மகளுக்கு அப்பத்தா, அக்கா மகனுக்கு அம்மிச்சி; ஆள் ஒருத்திதான். அவரிடம், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவுக்கான பழுதான பிரதி ஒன்று இருந்தால் அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று, உங்கள் மகள் வரை வந்திருக்க நான்கில் ஒன்று. அக்கா வழியில் மருமகனுக்கும் அதே கணக்கு. இருவரிடமும் இருக்க 16-ல் ஒன்று. இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய்; அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை அப்படிப் பிறக்க 64-ல் ஒன்று. சொந்த அக்கா மகளையே கட்டுகிற தாய்மாமன் திருமணத்தில் இது 32-ல் ஒன்றாகிவிடும். பங்காளி பிள்ளைகளானாலும் அத்தை, மாமன் பிள்ளைகளானாலும் பகிர்ந்துகொள்ளும் மரபணு எட்டில் ஒரு பங்குதான். முறை பார்ப்பது நம் வழக்கம். மரபணுவுக்கு முறை தெரியாது.

அதற்காகச் சொந்தத்தில் கட்டினாலே ஊனமாகப் பிறக்கும் என்று அலறவும் வேண்டாம். எந்தத் தம்பதிக்கும் நூறு பிரசவத்தில் இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பெரிய பிறவிக் குறை இருக்கும்; அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டும்போது அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிவந்த குடும்பமானால் அதற்கு மேலும் போகும். ஆனால் உங்கள் வீட்டில் நோய் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே சராசரியை விட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள், நிச்சயத்துக்கு முன்பே.

முதலில் பொண்ணு, மாப்பிள்ளை இருவருக்கும் முழு ரத்த எண்ணிக்கை. அதில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழ், எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழ் இருந்து, ஹீமோகுளோபின் கொஞ்சமே குறைந்து, சிவப்பணு எண்ணிக்கை மட்டும் 50 லட்சத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து எச்.பி.எல்.சி. என்கிற ஹீமோகுளோபின் பரிசோதனை. அதில் ஏ2 என்கிற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கேரியர், அதாவது ஒரு பிரதி மட்டும் பழுதானவர். பெரும்பாலும் 4 முதல் 6 வரை காட்டும். கேரியருக்கு நோய் கிடையாது, தோட்ட வேலையெல்லாம் வழக்கம்போலச் செய்யலாம்.

தவறு நடப்பது இரண்டு இடத்தில். உடம்பில் இரும்புச்சத்து மிகக் குறைந்திருந்தால் ஏ2 இறங்கி, கேரியரே இயல்பானவர்போலத் தெரிவார். அதனால் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள்; குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். கடந்த மூன்று மாதத்தில் ரத்தம் ஏற்றியவருக்கு இந்தப் பரிசோதனையை நம்பக்கூடாது. அது கொடையாளியின் ரத்தத்தையும் சேர்த்தே காட்டும்.

ஒருவர் மட்டும் கேரியர் என்றால் பிள்ளைக்கு தலசீமியா மேஜர் என்கிற கடும் நோய் வராது, தாராளமாகக் கட்டலாம். இருவருமே என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. 'முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது' என்று கணக்குப் போடாதீர்கள்; ஒவ்வொரு தடவையும் புதிதாக நான்கில் ஒன்று. அப்படியும் கட்டுவதென்றால் இருவரின் மரபணுப் பிழை இன்னதென்று கர்ப்பத்துக்கு முன்பே கண்டறிந்து வையுங்கள். அது கையில் இருந்தால்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசு எடுத்து உறுதியாகச் சொல்ல முடியும். சிகிச்சையில் இருக்கும் அந்தப் பையனின் மரபணு அறிக்கையை வாங்கிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: எச்சில் அனுப்பினால் பூர்விகம் சொல்கிறார்களே, எங்கள் கூட்டத்தை அது காட்டுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: காட்டாது. கூட்டத்துக்கென்று மரபணு இல்லை. ஆண்களின் ஒய் குரோமோசோம், கூட்டத்தின் பெயர்போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. ஆனால் அது நம் மொத்த டி.என்.ஏ.வில் ஒரு சிறு பங்குதான். பத்துத் தலைமுறை மேலே போனால் உங்களுக்கு 1,024 மூதாதையர் இடங்கள். ஒய் சொல்வது அதில் ஒரே ஒருவரைப் பற்றி. தத்துப்பிள்ளை வழியில் வந்த குடும்பத்துக்கு ஒய் வேறாக இருக்கலாம். அதனால் குலதெய்வக் கோயிலில் அவர்கள் உரிமை குறையாது, குறைக்கவும் கூடாது.

கேள்வி: வெள்ளைக் காங்கேயம் மாடு செவலைக் கன்று போட்டிருக்குது. சினை ஊசியில் ஏமாற்றிவிட்டார்களா? (வாசகி, வெள்ளகோவில்)

பதில்: நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாதுங்க. காங்கேயம் கன்று செந்நிறமாகப் பிறப்பதுதான் வழக்கம். நான்கு, ஆறு மாதத்தில் மயிலைக்கு (சாம்பல் வெள்ளைக்கு) மாறும். காளையானால் திமிலும் கழுத்தும் தொடையும் கருக்கும். காயடித்தால் அந்தக் கருமை வெளுக்கும். உடம்பில் உள்ள டி.என்.ஏ. எல்லா வயதிலும் அதேதான். எந்தப் பகுதி எப்போது வேலை செய்யவேண்டும் என்பதை வயதும் ஹார்மோனும் மாற்றுகின்றன.

சந்தேகம் தீரவில்லையென்றால் கன்று, தாய், பொலிகாளை மூன்றின் வால் முடியிலும் 20, 30 இழை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கத்தரித்த முடி உதவாது, தேவையான டி.என்.ஏ. வேர்க்காலில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் வியர்த்துக் கெட்டுவிடும். ஊசி போட்டதென்றால் உறைவிந்துக் குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீரிய ஒட்டுத் தென்னை என்று வாங்கிய பிள்ளைகளில் சிலதுக்கு மட்டை ஆரஞ்சு நிறமாக இருக்கிறது. நடலாமா? (வாசகர், ஆனைமலை)

பதில்: தாய்மரம் ஆரஞ்சுக் குட்டை என்றால் அவற்றைக் கழித்துவிடுங்கள். குட்டை மரத்தில் ஒரே பாளையின் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் பக்குவத்துக்கு வரும். ஆண் பூக்களை விரிவதற்கு முன்பே ஒன்று விடாமல் உருவி எடுத்துவிட்டு, நெட்டையின் மகரந்தம் சேர்த்தால்தான் ஒட்டு. உருவுவதில் அசட்டையாக இருந்தால் தன் மகரந்தமே சேர்ந்து, பிறக்கிற கன்று தாயைப்போலவே ஆரஞ்சு மட்டை விடும். உண்மையான ஒட்டின் மட்டை பழுப்பு. ஆரஞ்சு நிறம் வெளியே தெரிய இரண்டு பிரதியும் ஆரஞ்சாக இருக்கவேண்டும். நெட்டையின் பிரதி ஒன்று சேர்ந்தாலே அது மறைந்துவிடும்.

கழித்ததை இளநீருக்கென்று வரப்போரம் வைத்துக்கொள்ளலாம், கொப்பரைக்கு ஆகாது. தாய் பச்சைக் குட்டையானால் இந்த அடையாளம் பலிக்காது. வீரியம் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். 9 முதல் 12 மாதக் கன்றில் ஆறு இலையாவது, தூர்ச் சுற்றளவு 10 சென்டிமீட்டராவது இருக்கட்டும். நன்றாகக் காய்க்கிறதே என்று ஒட்டு மரத்தின் நெற்றையே விதைக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்த தலைமுறையில் குட்டையும் நெட்டையும் கலந்து பிரிந்து வரும். எது எப்படிக் காய்க்கும் என்று தெரிய நான்கைந்து வருஷம் தண்ணீர் விட்டுக் காத்திருக்க வேண்டும்.