32 பிட் நிரலில் மட்டும் ஐஆக்டில் ஏன் தோற்கிறது?

64 பிட் நிரலோடு ஒழுங்காக ஓடும் உங்கள் லினக்ஸ் டிரைவர், அதே கர்னலில் 32 பிட் நிரல் ஐஆக்டில் (ioctl, டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் அழைப்பு) அழைத்தால் மட்டும் பிழை 25 (ENOTTY, ‘இந்தக் கட்டளை இங்கே செல்லாது’) தருகிறது என்றீர்கள். அந்த அழைப்பில் நீங்கள் அனுப்பும் ஸ்டிரக்டில் (பல தரவுகளைச் சேர்த்த தொகுப்பு) உள்ள லாங் என்ற எண் வகைதான் வினை. ஐ386ல் (32 பிட் இன்டெல் வகை) அது 4 பைட், எக்ஸ்86-64ல் (அதன் 64 பிட் வகை) 8. ஐஆக்டில் எண்ணுக்குள்ளேயே ஸ்டிரக்டின் அளவும் சேர்ந்திருப்பதால் இரண்டு பக்கமும் எண்ணே வேறாகிவிடுகிறது. லாங்குக்குப் பதில் யு32 அல்லது யு64 (எங்கும் அளவு மாறாத 4, 8 பைட் எண் வகைகள்) போடுங்கள், பாயின்டரையும் (நினைவக முகவரி) யு64 ஆகவே அனுப்புங்கள். சரி, அதோடு தீராது: யு32க்கு அடுத்து யு64 வந்தால் ஐ386ல் மொத்தம் 12 பைட், எக்ஸ்86-64ல் நடுவில் இடைவெளி சேர்ந்து 16 (32 பிட் ஆர்மிலும் 16தான், அங்கே மட்டும் சோதித்தால் ஏமாந்துவிடுவீர்கள்). நடுவில் யு32 பேடிங்கை (அந்த இடைவெளியை நிரப்பும் உறுப்பு) நீங்களே எழுதி, அது பூஜ்யமா என்று கர்னலில் கட்டாயம் பாருங்கள். அப்புறம், கம்பேட் ஐஆக்டில் ஹேண்ட்லரையும் (32 பிட் நிரலின் அழைப்பைக் கையாளும் ஃபங்ஷன்) டிரைவரில் பதிந்துவிடுங்கள், அது இல்லாவிட்டாலும் இதே பிழைதான் வரும்.